உன் கை இறங்கியதை நான் பார்த்தேன்

உன் வில் இன்னும் பின்கட்டில், விதைநெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், உறை போட்டபடி சாய்ந்து நிற்கிறது. விளையாட்டு வீரன் என்று சென்னையில் உனக்கு வேலை கொடுத்தவர்கள் புது வில்லும் கொடுப்பார்கள், அதனால்தான் இதை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய் என்று உன் அப்பா சொல்கிறார். இருக்கலாம். இன்று காலை பெருக்கும்போது அதை நகர்த்த வேண்டியிருந்தது. துடைப்பக் கட்டையால் தள்ளினேன். மூட்டைக்கு அடியில் செத்துக் கிடந்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி எருக்குழியில் போட முடிந்த எனக்கு, அந்த வில்லைக் கையால் தொட முடியவில்லை.

முதல் வேலைக்குப் போன பிள்ளைக்குத் தாய் எழுதும் கடிதத்தில் வேளைக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, கண்டவனோடு சேராதே என்று இருக்க வேண்டும். அதெல்லாம் உனக்கே தெரியும். நான் எழுதப்போவது அம்பு விடுவதைப் பற்றி. நான் ஒரு நாளும் வில்லை வளைத்தவள் இல்லை. கல்லூரியில் இயற்பியல் படித்து, இந்த உத்திரமேரூரில் பெண்பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தே ஐம்பதை நெருங்கிவிட்டேன். ஆனால் நீ அம்பு விடும்போது உன் இடது கையை என்னைவிட அதிகமாகப் பார்த்தவர் உலகத்தில் யாரும் இல்லை. அந்த ஒரு தகுதியில் எழுதுகிறேன். கடிதத்தை மறைத்து வைக்கவும் இல்லை. கூடத்து மேசைமேல் திறந்தே கிடக்கிறது. உன் அப்பா படிக்கட்டும். விருப்பமிருந்தால் கோயில் தர்மகர்த்தாவுக்கும் படித்துக் காட்டட்டும்.

அம்பு விடுவதில் உனக்கிருக்கும் கோளாறு நம் ஊர் வழக்கத்தில் பிறந்தது. விஜயதசமி சாயங்காலம் சாமி குதிரை வாகனத்தில் ஏரிக்கரைத் திடலுக்கு வேட்டைக்கு வரும். திடலின் நடுவில் ஒரு வாழைமரத்தை நட்டு, அதில் வன்னிக் கிளையைக் கட்டியிருப்பார்கள். பட்டர் பூச்சுற்றிய மூங்கில் வில்லை எடுத்து, சாமியின் சார்பில் நாணல் அம்புகளை விடுவார். அம்பு வில்லை விட்டு முழுசாகக் கிளம்புவதற்குள் கூட்டம் பாயும். கிடைத்த அம்பை வீட்டு நெற்குதிரில் செருகி வைத்தால் அந்த வருஷம் நெல் குறையாது என்பது நம்பிக்கை. அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்தே அதில் உன்னை அடிக்க ஆள் இல்லை. மற்றப் பிள்ளைகள் அம்பைப் பார்த்து ஓடுவார்கள். நீ பட்டரின் முழங்கையைப் பார்த்து, அது அசைந்த உடனே ஓடுவாய். முட்டியில் ரத்தத்தோடும் பித்தான் இல்லாத சட்டையோடும் அம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவாய். உன் அப்பா உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாகச் சுற்றி வருவார். யாரை மிதித்து எடுத்தாய் என்று நானும் ஒரு தடவை கேட்டதில்லை.

பிறகு நீ சென்னைக்குப் படிக்கப் போனாய். கல்லூரியில் வில்வித்தைக் குழு என்று ஒன்று இருந்ததும், நீ அதில் போய்ச் சேர்ந்ததும் எனக்கு வேடிக்கையாக இருந்தது. முதல் விடுமுறைக்கு வந்தபோது நீயே சொல்லிச் சிரித்தாய். பயிற்சியாளர் உன்னைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, அம்பு விட்டதும் ஒரு அடி முன்னால ஓடுறியே, பஸ் புடிக்கப் போறியா?" என்று கேட்டாராம். நாண் விரலை விட்டு நழுவும் அந்தக் கணத்தில் உன் இடது கை தொப்பென்று இறங்கும். தலை எட்டிப் பார்க்கும். வலது கால் முன்னால் பாயும். உன் அம்புகள் எல்லாம் நடுவை விட்டுவிட்டு இடது பக்கம், தாழ்வாகப் போய்க் குத்தும். நீ உன் ஊர் அம்புத் திருவிழாவைப் பற்றிச் சொன்னதும் அவர் மற்றப் பையன்களையும் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாராம். "ஊர்ல அம்பைப் பொறுக்கக் கத்துக்கிட்டே, விடக் கத்துக்கலே" என்றாராம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் காது மடல் சிவந்திருந்தது.

அந்த விடுமுறையில்தான் நம் களத்து மூலையில் இலக்கு வந்தது. அதைச் செய்தவள் கன்னியம்மா. காலனியிலிருந்து நம் நிலத்துக்கு நடவுக்கும் அறுப்புக்கும் வருகிறவள், வைக்கோலைப் பிரியாகத் திரிப்பதில் அவள் கைக்கு நிகர் கை இல்லை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பானை வைக்கும் பிரிமணையைப் போலவே, ஆனால் வண்டிச் சக்கரம் அளவுக்கு, பிரியைச் சுருட்டிச் சுருட்டித் தைத்துக்கொண்டே அவள் உன்னைக் கேட்டது நினைவிருக்கிறதா?

"இன்னா சின்னய்யா, ஆனைக்குப் பிரிமணையா? ஆன எப்ப வருது?"

"ஆனைக்கு இல்ல கன்னிம்மா, அம்புக்கு."

"அம்புக்கு எதுக்குப் பிரிமண? அது இன்னா சோத்துப் பானையா, சாஞ்சி கொட்டிக்க?"

அடுத்த விடுமுறையில் நைந்துபோன இடத்தைச் சரிசெய்ய வந்தவள் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "நடூவு அப்டியே புதுசா கீது, ஓரம் மட்டும் பூட்ச்சி. கல்யாண வூட்ல எல ஓரத்துல கீற ஊறுகாய மட்டும் நக்கினு எந்திரிக்கற ஆளு மாதிரி கீதே!" என்றாள். நீயும் சிரித்தாய். அன்றைக்குத்தான் என்னிடம் வந்து, "அம்மா, நீ பக்கத்துல நில்லு. அம்பப் பாக்காத. என் கை எறங்குதா, நிக்குதான்னு மட்டும் சொல்லு" என்றாய்.

நின்றேன். பள்ளிவிட்டு வந்து, காப்பி டம்ளரோடு, விடுமுறை தோறும் மாலை வேளைகளில் நின்றேன். நீ கால்களைத் தோள் அகலத்துக்கு ஊன்றி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நிற்பாய். வில்லை இறுக்கிப் பிடிக்கக்கூடாது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னதை நீ எனக்குச் சொன்னாய். வில் கீழே விழுந்துவிடும் என்ற பயத்தில் நீ அதைக் கவ்விப் பிடிப்பாய். அந்தப் பயம் போக இரண்டு விரல்களுக்கும் நடுவே ஒரு ஷூ லேஸைக் கட்டிக்கொண்டாய். கையால் இழுக்காதே, முதுகால் இழு; நாண் மோவாயில் வந்து படியட்டும்; விரல்களைப் பிரிக்காதே, ஈரக் கையில் வாளிக் கயிறு நழுவுவதுபோல் தானாக நழுவ விடு; நழுவிய பின் வலது கை கழுத்தை உரசிக்கொண்டு காதுக்குப் பின்னால் போய் நிற்கட்டும்; இடது கை இலக்கை நோக்கியே இருக்கட்டும்; பிரிமணையில் தொப்பென்று சத்தம் கேட்கும்வரை நீ கல். இதற்கு அவர் ஃபாலோ த்ரூ என்று பெயர் சொன்னார். எனக்கு இந்த வரிசை எல்லாம் மனப்பாடம் ஆனது. ஆனால் நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தைதான்.

"எறங்கிடுச்சு."

"அம்பு எங்கம்மா போச்சு?"

"எனக்குத் தெரியாது. கை எறங்கிடுச்சு."

எனக்கு இந்தத் தத்துவத்தில் முதலில் நம்பிக்கை இல்லை. விட்ட அம்பு விட்டதுதானே, அதற்குப் பிறகு கை எங்கே போனால் அதற்கென்ன என்று உன்னோடு வாதாடினேன். படித்த படிப்பு அப்படித்தான் வாதாடச் சொன்னது. பார்த்துப் பார்த்துத்தான் புரிந்தது. விட்ட பிறகு இறக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் கை, விடுவதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிடுகிறது. அம்பு இன்னும் நாணில்தான் இருக்கிறது, நீ அதற்குள் போய்விட்டாய். இலக்கில் என்ன ஆயிற்று என்று பார்க்கும் ஆசைதான் இலக்கைக் கெடுக்கிறது. அதனால்தான் பயிற்சியாளர், ஊருக்குப் போனால் பிரிமணைக்குப் பக்கத்திலேயே நின்று, இலக்குக் காகிதம் எதுவும் ஒட்டாமல், கண்ணை மூடிக்கொண்டு விடு என்று சொல்லி அனுப்பினார். பார்க்க எதுவும் இல்லாதபோது உன் கை நின்றது. அந்தப் பயிற்சியை நீ வெறுத்தாய். "வெறும் வைக்கோலுக்கு வுட்டா யாரும்மா பாக்கப் போறா?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியை அன்றே நான் கவனித்திருக்க வேண்டும். நீ கேட்டது இலக்கைப் பற்றி அல்ல.

எப்படியோ கை நிற்கப் பழகியது. வரிசையாக, "நின்னுது, நின்னுது" என்று சொல்லி எனக்கே அலுத்துப்போன மாலைகள் உண்டு. நீ மாநில அளவில் ஜெயித்தாய். வேலை வந்தது. அதோடு தர்மகர்த்தாவும் வந்தார்.

அவர் நம் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, வெற்றிலைச் சாற்றை என் துளசிச் செடியின் அடியில் துப்பிவிட்டுச் சொன்னது இது: "தம்பி நம்ம ஊரு பேர மெட்ராஸ் வரைக்கும் கொண்டும்போய்க்கீது. இந்த வருசம் சாமி அம்ப அதுதான் வுடணும். பட்டர் மூங்கி வில்ல வச்சிக்கினு இன்னாத்த வுடறாரு? அம்பு அவரு கால்மேலயே வுயிது. தம்பி தன்னோட வில்லாலயே வுடட்டும். ஊரு பாக்கட்டும்."

அது இரும்பு முனை வைத்த அலுமினிய அம்பு, ஆள் கூடும் இடத்தில் வேண்டாம் என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் உன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "டீச்சரம்மா பாடம் நடத்தறாங்கோ. சாமி பாத்துக்கும்மா" என்றார். நீ, "இருபது அடியில வாழமரம்மா. கண்ண மூடிக்கினு வுடுவேன்" என்றாய். கண்ணை மூடிக்கொண்டு விட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

விஜயதசமி அன்றைக்கு நடந்ததை ஊர் பல விதமாகச் சொல்கிறது. நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். மைக்கில் உன் பட்டத்தையும் பரிசையும் சொன்னார்கள். கடைத்தெரு ஸ்டுடியோக்காரர் கேமராவைத் தூக்கியதும், நீ நாணை மோவாய்வரை இழுத்து அவருக்காக நின்றாய். அவர் எடுத்தார். நீ நாணைத் தளர்த்திவிட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்து, மறுபடி இழுத்தாய். மேளம் உச்சத்துக்குப் போனது. ஊர் முழுக்க வாழைமரத்தைப் பார்த்தது. பழக்க தோஷம், நான் உன் இடது கையைப் பார்த்தேன். அது இறங்கியது. தலை எட்டிப் பார்த்தது. வலது கால் ஒரு அடி முன்னால் பாய்ந்தது, அரைக்கால் சட்டை போட்டிருந்த போது பாய்ந்த அதே மாதிரி. "எறங்கிடுச்சு" என்று என் வாய் தானாகச் சொன்னது. அதற்குப் பிறகுதான் அலறல் கேட்டது.

அம்பு வாழைமரத்தின் இடது பக்கத்தை உரசிக்கொண்டு, தாழ்வாக, மதகுப் பக்கம் போயிருந்தது. காலனிக்காரர்கள் நிற்க விடப்பட்டிருக்கும் இடம் அதுதான். கன்னியம்மாவின் வலது மணிக்கட்டில் அது குறுக்காகத் தைத்திருந்தது. நான் கரையிலிருந்து இறங்கிப் போவதற்குள் யாரோ அதைப் பிடுங்கிவிட்டார்கள். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, மேளத்த அடிங்கப்பா" என்று தர்மகர்த்தா மைக்கில் சொன்னார். மேளம் அடித்தார்கள். ஒருவர் ஆரத்தித் தட்டிலிருந்து குங்குமத்தை அள்ளிக்கொண்டு ஓடிவந்து காயத்தில் அப்பினார். ரத்தம் எது குங்குமம் எது என்று தெரியவில்லை. அவள் மதகுச் சேற்றில் உட்கார்ந்திருந்தாள். நான் முந்தானையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தீபாராதனை முடியாமல் அவளை ஏற்றிப்போக டிராக்டரை எடுக்கக்கூடாது என்றார்கள். முடிந்த பிறகு எடுத்தார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிவரை டிரெய்லரில் அவள் மகனும் நானும் அவளை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போனோம். உள்ளே தசைநார் அறுந்திருக்கிறது, இரண்டு விரல்கள் இனி மடங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார்.

நான் ராத்திரி வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது உற்சவம் அப்போதுதான் முடிந்து கோயில் வாசலில் பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ தலையில் பரிவட்டத்தோடு உட்கார்ந்து புளியோதரை தின்றுகொண்டிருந்தாய். உன் விரல்களில் எண்ணெய் மின்னியது. ஒரு முந்திரிப் பருப்பைப் பொறுக்கி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாய். என் புடவையைப் பார்த்தாய், பார்வையைத் திருப்பிக்கொண்டாய். நான் உன்னைப் பெற்றேன், உன் பீ மூத்திரம் அள்ளினேன், அப்போதெல்லாம் வராத அருவருப்பு அந்தப் பருப்பை நீ மென்றபோது வந்தது. வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். டிரெய்லர் குலுக்கலில் தலை சுற்றுகிறது என்று உன் அப்பா எல்லோரிடமும் சொன்னார்.

அங்கேதான் பேச்சு எழுந்தது. சாமி அம்பு படுவது பாக்கியம், போன ஜன்மத்துப் புண்ணியம் என்றார் ஒருவர். அவள் தொடக்கூடாத அம்பைப் பிடிக்கக் கை நீட்டினாள், சாமி தண்டித்துவிட்டது என்றார் இன்னொருவர். பாக்கியமா தண்டனையா என்று ஒரு முடிவுக்கு வரக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. இரண்டையும் ஒரே வாயில் போட்டு மென்றார்கள். தர்மகர்த்தா உன்னைத்தான் கேட்டார். "தம்பி, நீதான் நேருக்கு நேரா பாத்தவன். அவ கைய நீட்னாளா இல்லியா?" நீ விரலை இலையில் துடைத்துக்கொண்டே, "கைய மேல தூக்கினாங்க" என்றாய்.

பொய் இல்லை. அவள் கையைத் தூக்கித்தான் இருந்தாள். அவ்வளவு சொல்லிவிட்டு இலையை மடித்துக்கொண்டு எழுந்து கைகழுவப் போய்விட்டாய். நீ சொன்னது எங்கே போய்த் தைத்தது என்று நின்று பார்க்கவில்லை. நான் சொல்கிறேன். இனி வேட்டைத் திருவிழாவுக்குக் காலனிக்காரர்கள் மதகுவரை வரக்கூடாது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கும்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று முடிவாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை காலையில் கன்னியம்மா கோயில் வாசலுக்கு வந்து, ஊர் முன்னால் விழுந்து, சாமி அம்புக்கு ஆசைப்பட்டது தப்பு என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவளையும் அவள் மகனையும் யாரும் வேலைக்குக் கூப்பிடக்கூடாது. இவ்வளவையும் உன் மூன்று வார்த்தையின் மேல்தான் கட்டியிருக்கிறார்கள். அதற்குள் நீ சென்னை பஸ் ஏறிவிட்டாய். நிஜமாகவே பஸ் பிடிக்கத்தான் ஓடினாய்.

முந்தாநாள் அவள் வீட்டுக்குப் போனேன். இடது கையால் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். எனக்கு உட்காரப் பலகை போட எழுந்தாள். தடுத்தேன்.

"நான் இன்னாத்துக்கு டீச்சரம்மா அந்த அம்பப் புடிக்கப் போறேன்?" என்றாள். "எங்க வூட்ல குதிரா கீது, சொருகி வைக்க? அன்னன்னிக்கி நெல்ல அன்னன்னிக்கிக் குத்தித் துன்றவங்கோ நாங்க. சாயங்கால வெயிலு மூஞ்சில அடிச்சிது, கண்ணு கூசுதேன்னு கைய இப்டி வச்சேன். சின்னய்யா எப்டி வுடுதுன்னு பாக்கணும்னு ஆச. நான் திரிச்ச பிரில வுட்டுப் பழகின புள்ளயாச்சே."

பிறகு கட்டுப் போட்ட கையைத் தூக்கி, மடங்காத விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். "இனிமே ஆனைக்கு வேற ஆளத்தான் பாக்கணும் பிரிமண திரிக்க" என்றாள். அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. அவள் மகன் வாசலிலேயே நின்றிருந்தான். "போய் வுயிந்துட்டு வந்துடும்மான்னு சொல்றேன் டீச்சர். கேக்க மாட்டுது" என்றான். அவள் உள்ளிருந்தே, "கால்ல வுயிறதுக்கு இன்னாடா, எத்தினி பேரு கால்ல வுயிந்துக்கீறேன். புடிக்காத அம்பப் புடிச்சேன்னு எப்டிடா சொல்றது?" என்று கத்தினாள்.

நான் சும்மா இருக்கவில்லை. தர்மகர்த்தாவின் வீட்டுக்குப் போய், தவறு என் மகனின் கையில்தான், அது இறங்கியதை நான் பார்த்தேன் என்று சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்தவர்களையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். "டீச்சரம்மா, ஊரே அம்பப் பாத்துது. நீங்க ஒருத்தர் மட்டும் புள்ள கையப் பாத்துக்கினு இருந்தீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். "பெத்தவங்களுக்குப் புள்ள கைதான் தெரியும், வுடுங்க" என்றார் ஒருவர். வீட்டில் உன் அப்பா, "அம்பப் பாக்காதவ சாட்சி சொல்லப் போய்ட்டா. பையன் வேலைக்குப் போன நேரத்துல இன்னா பேஜார் இது?" என்றார். என் படிப்பு, என் உத்தியோகம், இத்தனை வருஷம் அவர்கள் வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொன்னது, எதுவும் அங்கே செல்லவில்லை. நீ சொன்னதுதான் அங்கே சொல். அதை நீதான் திருத்த முடியும்.

ஸ்டுடியோக்காரர் எடுத்த படத்தை உன் அப்பா கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். மாலையும் போட்டிருக்கிறார். வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். தோள் சரி, முழங்கை சரி, நாண் மோவாயில் படிந்திருக்கிறது, இடது கை கல்லில் செதுக்கிய மாதிரி நிற்கிறது. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏனென்றால் அதில் அம்பு இன்னும் கிளம்பவில்லை. இந்த ஊருக்குப் பிடித்ததெல்லாம் அந்த நிலைதான். எங்கள் பள்ளிக்கு ஆய்வுக்கூடம் கட்ட இதே தர்மகர்த்தா அடிக்கல் நாட்டினாரே, மைக் வைத்தார்கள், மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். கல் இருக்கிறது. எருமைகள் முதுகு சொறிந்துகொள்கின்றன. தொடங்குவதில் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை. நீ இவர்களிடமிருந்து தப்பித்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குதிரில் நீ சின்ன வயதில் பொறுக்கி வந்த நாணல் அம்புகள் கட்டாக இருந்தன. நேற்று அவற்றை எடுத்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாவதற்குள் எரிந்து முடிந்துவிட்டன. குதிரில் நெல் இருந்த அளவே இருக்கிறது.

இனி அறிவுரை. புது வில் கிடைக்கும். புது மைதானம், புதுப் பயிற்சியாளர். கையை இறக்காதே என்று அவரும் சொல்வார். உன்னால் முடியும், களத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் வைக்கோலுக்கு முன்னால் நிற்கும் கை ஆட்களுக்கு முன்னால் நிற்கவில்லை. அதற்கு எந்தப் பயிற்சியாளரிடமும் மருந்து இல்லை. யார் கைதட்டுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கும் வரை நீ எத்தனை பரிசு வாங்கினாலும் அம்பு பொறுக்குகிற பையன்தான். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். மடங்காமல் போனது என் விரல் இல்லை, மன்னிப்பதற்கு எனக்கு உரிமையும் இல்லை. நீ அழுது ஒரு பதில் கடிதம் போடாதே. அதைப் படிக்கும் பொறுமை எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வா. செங்கல்பட்டில் மாறினால் வெயில் ஏறுவதற்குள் வந்துவிடலாம். வில்லைத் தொடாதே. கோயில் வாசலில், அன்றைக்கு உன் தலையில் பரிவட்டம் கட்டினார்களே, அதே இடத்தில் நின்று, "அவங்க வெயிலுக்குக் கைய வச்சாங்க. என் கை எறங்கிடுச்சு" என்று சொல். சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டு என் பின்னால் வந்து நிற்காதே. அப்பா முகம் என்ன ஆகிறது என்று திரும்பிப் பார்க்காதே. அவர்கள் சிரிக்கலாம், திட்டலாம், உன் படத்தைக் கழற்றி எறியலாம். கன்னியம்மா உன்னைப் பார்த்து என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்லி முடிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு ஒரு அடி நகராதே.

நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் அவள் பக்கத்தில் நிற்பேன். வந்தால், நீ சொல்வது யார் காதில் போய்ச் சேர்ந்தது, ஊர் என்ன தீர்மானித்தது என்றெல்லாம் பிறகு என்னைக் கேட்காதே. எனக்குத் தெரிந்திருக்காது. வழக்கம்போல உன் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா